இன்ஸ்பெக்டர் வந்த அன்று மூன்று ஆசிரியர்கள்

போன வாரம் ஆஸ்பத்திரிக்குப் போய் மரகதம் டீச்சரைப் பார்த்தேன். தொண்டையில் ஆபரேஷன். வாயே திறக்கக் கூடாது என்று டாக்டர் உத்தரவு. குரல் திரும்புமா? "சொல்ல முடியாது" என்கிறார்கள்.

காஜா பேராங்கில் என் வீட்டுக்குப் பின்னால்தான் அவருடைய பள்ளிக்கூடம். பேர் வேண்டாம், விடுங்கள். ஒரே கூடம், ஆறு வகுப்பு, ஒரே டீச்சர். ஒரு மூலைக்கு வாய்ப்பாடு, இன்னொரு மூலைக்கு ஆத்திசூடி... தொண்டை கிழியக் கத்தினால்தான் கடைசி பெஞ்சுக்குக் கேட்கும்.

மெர்டேக்கா வந்தது, நாட்டுக்குச் சுதந்திரம். கூடவே ஒரு தகவலும் வந்தது. எந்தப் பள்ளியில் என்ன குறை, என்ன செய்தால் தேறும் என்று பார்த்து எழுத இன்ஸ்பெக்டர் வருகிறாராம்! டீச்சருக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது.

"இன்னொரு வாத்தியார் மட்டும் குடுத்துட்டாங்கன்னா போதும்ண்ணே. லீவு போட்டுட்டு இந்தத் தொண்டைய டாக்டர்கிட்ட காட்டிருவேன்" என்றார். அப்போதே குரல் கரகரவென்றுதான் இருந்தது.

பள்ளிக் கமிட்டித் தலைவர் சும்மா இருப்பாரா? நல்ல மனுஷர்தான். அந்தப் பள்ளிக்குக் கூரை வந்ததே அவரால்தான். ஆனால் மானம், மரியாதை என்று வந்துவிட்டால் ஆளைப் பிடிக்க முடியாது.

"சுதந்திரம் வந்த நேரத்துல நம்ம பள்ளிக்கூடத்தப் பாத்து நாலு பேர் சிரிக்கணுமா?"

சுவருக்கு வெள்ளை அடித்தார்கள். கோயில் மண்டபத்து பெஞ்சுகளெல்லாம் வந்து இறங்கின. கடைசியில் பண்ணினாரே ஒரு காரியம்... தன் கடையில் கணக்கெழுதும் கிராணிகள் இரண்டு பேருக்கு டை கட்டி, கையில் சாக்பீஸைக் கொடுத்து, ஆளுக்கு இரண்டு வகுப்பு என்று நிறுத்திவிட்டார்!

இன்ஸ்பெக்டர் தங்கமான ஆள். சுற்றிப் பார்த்துவிட்டு, "குறை இருந்தா தயங்காம சொல்லுங்க. அதுக்குத்தான் வந்திருக்கேன்" என்றார்.

"ஒரு கொறையும் இல்லைங்க. மொதல்ல பசியாற வாங்க" என்றார் தலைவர்.

டீச்சர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். தலைவர் திரும்பி ஒரு பார்வை பார்த்தார். அவர் தயவில் ஓடுகிற வேலை. என்ன செய்வார், பாவம்? வாயை மூடிக்கொண்டார்.

மூன்று பேர் பாடம் நடத்தும் பள்ளிக்கு நான்காவது ஆள் எதற்கு? கிடைக்கவேண்டிய வாத்தியார் குருபோங் பக்கம் ஒரு பள்ளிக்குப் போய்விட்டார். அங்கே ஒழுகும் கூரையை ஒழுகும் கூரையாகவே காட்டினார்களாம்! கிராணிகள் மறுநாளே கடைக்குத் திரும்பினார்கள். டீச்சர் மறுபடியும் ஆறு வகுப்புக்கும் கத்தினார், குரல் அடியோடு போகும்வரை.

நமக்கு ஏன் இந்தப் புத்தி? காய்ச்சலில் படுத்துக் கிடந்தாலும், வந்தவர் கேட்டால் "நல்லா இருக்கோம்" என்போம். விருந்தாளியிடம் சொல்லலாம். வைத்தியரிடமுமா?

நான் கிளம்பும் நேரத்தில் தலைவர் ஆரஞ்சுப் பையோடு உள்ளே வந்தார். பள்ளிக்கூடம் பூட்டிக் கிடக்கிறது என்று சொல்லும்போதே அழுதுவிட்டார். அப்புறம் கட்டிலருகே குனிந்து கேட்டார்:

"இங்க ஏதாச்சும் கொறை இருந்தா சொல்லுங்க டீச்சர்..."

இப்போது கேட்கிறார். டீச்சரால்தான் சொல்ல முடியவில்லை.