சிங்க மார்க் நாய்ப்பொடி

மூக்குப்பொடி விற்பவன் தும்மலுக்கு அஞ்சக் கூடாது. டிரேட் மார்க் போட்டு விற்பவன் எதற்குமே அஞ்சக் கூடாது. சைக்கிளில் சரக்கைக் கட்டிக்கொண்டு கடை கடையாக ஏறி இறங்கியவர்களே, என் பாடு உங்களுக்குப் புரியும்.

நாக்கு செய்த வினை

யுத்தத்துக்கு முந்தி, போடியில் எங்கள் முதலாளி தம் பொடி டப்பாவில் சிங்கப் படம் வேண்டுமென்றார். படம் எழுதியவர் சிங்கத்தைக் கண்ணால் கண்டதில்லை. பிடரியைக் கஞ்சத்தனமாகப் போட்டு, நாக்கைத் தாராளமாகத் தொங்கவிட்டார். முதலாளிக்குப் பரம திருப்தி. ‘சிங்க மார்க்’ என்று கீழே அச்சடித்து, வக்கீல் வைத்து ரிஜிஸ்தரும் செய்துவிட்டார். முதல் டப்பாவைச் சின்னமனூர்க் கடைக்காரரிடம் நீட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“படம் நல்லாருக்குய்யா. என்ன சாதி நாய், ராஜபாளையமா?”

படம்தான் பேர்

பொடி என்னவோ பிரமாதம். கம்பம் வரைக்கும் தும்மல் கேட்டது. ஆனால் எழுத்தை யார் படித்தார்கள்? எந்தச் சந்தையிலும் ‘நாய்ப்பொடி’ என்றுதான் கேட்டார்கள். தேவதானப்பட்டியில் ஒரு அம்மாளிடம், “ஆத்தா, அது சிங்கம்” என்று மன்றாடினேன். டப்பாவை மடியில் செருகிக்கொண்டே சொன்னார்:

“சிங்கப்பொடியெல்லாம் எனக்கு ஒத்துக்கிறாதுய்யா. நாய்ப்பொடிதான் பழக்கம்.”

அசல் நாய்

உத்தமபாளையத்தில் ஒருவர் எங்கள் டப்பாவைப் போலவே மஞ்சள் டப்பாவில் நிஜ நாயின் படத்தைப் போட்டு, ‘நாய் மார்க்’ என்றே பொடி இறக்கினார். எங்கள் சரக்கு தேங்கியது. கம்பெனியை மூடுகிற நிலைமை. மூடினால் என் அடுப்பும் அணையும். சின்னமனூர்க் கடைக்காரரிடமே சண்டைக்குப் போனேன்.

“நாயின்னு கேக்குறாக, நாயக் குடுக்குறோம். ஒங்க டப்பாவுல சிங்கம்னுல்ல போட்டிருக்காக!”

கூண்டில்

வழக்குப் போட்டோம். ஜனங்கள் நாய்ப்பொடி என்பது நம் பொடியைத்தான் என்று முதலாளியே கூண்டேறிச் சொன்னால்தான் ஜெயிக்கலாம் என்றார் வக்கீல். சொல்லாவிட்டால் கம்பெனி போச்சு. சொன்னால் சிங்கம் போச்சு.

மதுரைக் கோர்ட்டில் எதிர்த்தரப்பு வக்கீல் டப்பாவை உயர்த்தி, “சத்தியமாகச் சொல்லும், இது என்ன மிருகம்?” என்றார். முதலாளி டப்பாவைக் கையில் வாங்கிப் படத்தைத் தடவினார். கண் கலங்கிவிட்டது. எனக்கே அழுகை வந்தது.

“நான் வளத்தது சிங்கந்தான், எசமான். வாங்குறவுக நாயிங்கிறாக. அப்ப நாய்தான்.”

கேஸ் ஜெயித்தது, எங்கள் பிழைப்பும் தப்பியது. சிங்கம் என்று ரிஜிஸ்தர் செய்து, நாய் என்று சத்தியம் செய்து காப்பாற்றிக்கொள்வதற்குப் பெயர்தான், அய்யாமாரே, டிரேட் மார்க்.