விரிசல் விழுந்த வட்டம்

சென்ற வாரம் என் பிஸ்கட்டுகளில் இன்னொருவரின் அடையாளம் இருந்தது.

காக்களூர் சாலையில் ஒரு பேக்கரி. கிறிஸ்துமஸ் நெருங்கினால், வீட்டில் பிசைந்த மாவை அங்கே கொண்டுபோய்த் தட்டில் அடுக்கிச் சுட்டு வாங்கி வருவது எங்கள் பகுதி வழக்கம். பெயர்ச் சீட்டு வைத்தால் கருகிவிடும். ஆகவே ஒவ்வொரு குடும்பமும் பிஸ்கட்டின் மீது தனக்கென ஓர் அடையாளம் குத்தும். சிலர் சாவி, சிலர் சட்டைப் பொத்தான். நான் முள்கரண்டி — நான்கு நேர்க்கோடுகள்.

அடுப்பிலிருந்து வந்த தட்டில் கோடுகளே இல்லை. ஒவ்வொரு பிஸ்கட்டிலும் ஒரு சிறு வட்டம். வட்டத்தின் ஓரத்தில் ஒரு விரிசல்.

"தட்டு மாறிவிட்டது" என்றேன்.

"இன்னா மேடம், மாறுறதுக்கு? மொத ஈடே உங்களுதுதான். வேற யாரு தட்டும் இன்னும் உள்ள போவல" என்றார் அடுப்பைக் கவனிக்கும் பாஸ்கர் மாஸ்டர். "நீங்கதானே அந்த பெஞ்சாண்ட குந்திக்கினு ஒண்ணொண்ணா குத்தினீங்கோ. நான் கூப்ட்டாக்கூட திரும்பல!"

"ஆமாங்க" என்றார் வரிசையில் நின்ற பெண்மணி. "யாராண்டயோ பேசிக்கினு வேற இருந்தீங்கோ. எனக்கே ஒரு மாதிரி ஆயிடுச்சு."

என் அருகில் யாரும் அமர்ந்திருக்கவில்லை.

அந்த வட்டத்தை நான் அறிவேன்.

கும்மிடிப்பூண்டித் தொழிற்சாலை ஒன்றின் பரிசோதனைக்கூடத்தில் இருபத்தெட்டு ஆண்டுகள் பணியாற்றியதை இந்தப் பத்திரிகைப் பத்தியில் வேண்டிய மட்டும் பெருமையுடன் எழுதியிருக்கிறேன். அடுத்த மேஜையில் இருந்த ஸ்டெல்லாவைப் பற்றி மட்டும் எழுதியதில்லை. டிசம்பர்தோறும் அவர் ஒரு டப்பா பிஸ்கட் கொண்டுவருவார். குடும்பத்தின் பழைய நோட்டில் இருந்த குறிப்பு அது. ஆழாக்குக் கணக்கில் மைதா, பலக் கணக்கில் சர்க்கரை, மாவு பொங்க ஒரு சிட்டிகை அம்மோனியா உப்பு. அவர் வீட்டு அடையாளம், விரிசல் விட்ட ஒரு பேனா மூடி.

படியெடுத்துக்கொள்ள அந்த நோட்டை வாங்கினேன். திருப்பிக் கொடுப்பதற்குள் ஸ்டெல்லா நோயில் இறந்துபோனார். நோட்டும், அதில் செருகியிருந்த பேனாவும் என்னிடம் தங்கிவிட்டன.

தங்கிவிட்டன... எவ்வளவு கண்ணியமான சொல்! கௌரவமான மனிதர்கள் எதையும் திருடுவதில்லை. பொருள்கள்தாம் அவர்களிடம் தங்கிவிடுகின்றன.

சென்ற ஆண்டு இதே பக்கத்தில் அந்தக் குறிப்பை "என் தாய்வீட்டுக் குறிப்பு" என்று வெளியிட்டேன். பாராட்டுக் கடிதங்கள் குவிந்தன. அத்திப்பட்டிலிருந்து வந்த ஒன்றில் மட்டும் பாராட்டு இல்லை. "எங்கள் அம்மாவின் அளவும் இதேதான். அவருடைய நோட்டு உங்களிடம் இருக்கிறதா?" எழுதியவள் ஷீலா, ஸ்டெல்லாவின் மகள்.

"பழைய குறிப்புகள் யாவும் ஒன்றுபோலத்தான் இருக்கும்" என்று பதில் எழுதினேன். பிழையற்ற தமிழில்.

பேக்கரியில் நின்றபடியே கைப்பையைத் திறந்தேன். முள்கரண்டி இருந்தது — மாவு படாமல், துடைத்து வைத்தபடியே. அதன் அடியில் பேனா மூடி. அதன் விரிசலுக்குள் இன்னும் காயாத மாவு.

அதை நான் பையில் போடவில்லை. அது பூட்டிய அலமாரியில், நோட்டோடு இருந்தது. சாவி என் கழுத்துச் சங்கிலியில்.

விளக்கங்கள் இரண்டுதான் உண்டு. ஸ்டெல்லா வந்தார் என்பது ஒன்று. என் கை செய்ததை என் மூளை அறியவில்லை என்பது மற்றொன்று. வேதியியல் பட்டதாரி எதை ஒப்புக்கொள்வது? பேயையா, மறதியையா? ஒளிக்காமல் சொல்கிறேன் — பேயே மேல் என்று தோன்றியது. என் வயதினருக்கு இது புரியும்.

மறுநாள் காலை நோட்டு, பேனா, பிஸ்கட் டப்பா மூன்றையும் எடுத்துக்கொண்டு அத்திப்பட்டுக்குப் போனேன். ஷீலா வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். வழியெல்லாம் ஒத்திகை பார்த்த வாக்கியங்களை நான் தொடங்கினேன். அவள் டப்பாவைத் திறந்தாள். ஒரு வட்டத்தின் மேல் விரலை வைத்தாள்.

"நான் எழுதியது பொய், ஷீலா."

"தெரியும் ஆண்டி. நோட்டு உங்களாண்ட இருக்குதுன்னு ஆஸ்பத்திரில படுத்துக்கினே அம்மா சொன்னாங்கோ."

"பிறகு ஏன் நேரில் வந்து கேட்கவில்லை?"

"நான் கேட்டா நீங்க ஒத்துக்குவீங்களா? பெரிய மனுஷி! அதான் கல்லறைத் திருநாளன்னிக்கு அம்மா கல்லறையாண்ட போய் மெழுகுவத்தி ஏத்திட்டு சொல்லிட்டேன்..." பிஸ்கட்டை உடைத்து வாயில் போட்டுக்கொண்டாள். "நீயே போய் கேட்டு வாங்கிக்கினு வாம்மான்னு."

அவள் சிரிக்கவில்லை. நான் உட்கார இடம் தேடினேன்.

ஆகவே அச்சில் சொல்கிறேன்: சென்ற ஆண்டு நீங்கள் பாராட்டிய குறிப்பு ஸ்டெல்லாவுடையது. நோட்டையும் பேனாவையும் மூடியையும் ஷீலாவின் கையிலேயே கொடுத்துவிட்டேன்.

உள்ளே மீண்டும் என்ன இருக்குமோ என்று, கைப்பையை மட்டும் அதன் பிறகு நான் திறக்கவில்லை.