வடகரையில் ஒரு வாடகை வீடு

ஸ்ரீவில்லிபுத்தூரில் நாங்கள் குடியிருந்த மாடி, வருஷத்தில் பதினொன்றரை மாதம்தான் எங்களுடையது. ஆடித் தேர் நெருங்கினால் கீழே இருந்த வீட்டுக்காரர் எங்களைச் சமையலறைப் பக்கம் ஒதுக்கிவிட்டு, மிச்ச இடத்தில் மதுரையிலிருந்தும் திருநெல்வேலியிலிருந்தும் வரும் தம் உறவுக்காரர்களை நிரப்புவார். என் நாற்காலியில் யாராவது ஒரு பெரியவர் உட்கார்ந்துகொண்டு, "தம்பி யாரு?" என்று என்னைக் கேட்பார். நாங்கள் சர்ச்சுக்குப் போகிற வேதக்காரர்கள். தேரோடும் வீதிக்கு ஒரு வீதி தள்ளி எங்களுக்கு வீடு கிடைத்ததே பெரிது என்பதால், நானும் பணிவாக இன்னார் என்று சொல்லுவேன்.

அந்த வருஷம் என் மனைவிக்கு ஆடியில் ஐந்து மாதம். முதல் இரண்டு குழந்தைகளும் தங்கவில்லை. டாக்டர் என்னைத் தனியே அழைத்து, "மாடிப்படி கூடாது, கூட்டம் கூடாது, திருவிழாவோடு வரும் காய்ச்சல் பேதி எதுவும் கூடாது. வெளியே எங்காவது அமைதியான ஊரில் வைத்துக்கொள்" என்றார். இந்த முறையும் தவறினால் அடுத்த முறை என்று ஒன்று கிடையாது என்பதையும், சொல்லாமல் சொல்லுவதில் தேர்ந்தவர், சொல்லாமல் சொன்னார்.

எனக்கு முன்சீப் கோர்ட்டில் நகல் எடுக்கும் வேலை. காலையில் போய் மாலையில் திரும்பும்படியான ஊராகப் பார்க்க வேண்டும். படித்தவன் எந்தக் காரியத்தையும் முதலில் காகிதத்தில் செய்து கெடுப்பான். நான் ஒரு தாளில் கட்டம் போட்டேன். ஒரு பக்கம் ஊர்கள். மறு பக்கம் பஸ் வசதி, தண்ணீர் வசதி, பிரபலமான தெய்வம் இல்லாமை. ஊருக்குப் பக்கத்தில் பெருமாள் கோயில் கொண்ட குன்று, அதற்கும் திருவண்ணாமலை என்றுதான் பேர், அதன் அடிவாரம் மூன்றாவதில் முட்டை வாங்கியது. புரட்டாசிச் சனிக்கிழமைகளில் அங்கே மூச்சு விட முடியாது. ராஜபாளையத்தில் மில் தொழிலாளர்கள் போக மிஞ்சிய வீடு எதுவும் இல்லை. சோழபுரம் தூரம், அங்கே ஏறினால் ராஜபாளையத்தில் இறக்கிவிட்டு வேறு பஸ்ஸுக்கு நிற்கச் சொல்லுவார்கள். கடைசியில் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் ராஜபாளையத்துக்கும் நடுவே, மேற்கே மலை தெரிய, ரோட்டை ஒட்டி ஒரு கிராமம் எல்லாக் கட்டத்திலும் தேறியது. பேர் சொல்ல வேண்டாம். அந்த ஊர்க்காரர்கள் இன்னும் என்னிடம் நன்றாகத்தான் பேசுகிறார்கள். தண்ணீர் வசதிக்கு நான் அதற்குப் பத்துக்குப் பத்து கொடுத்தேன்.

வீடு பார்க்கப் போன அன்று கண்மாய்க்குள் மாடு மேய்ந்துகொண்டிருந்தது. கரையின் வடக்குக் கோடியில், தாழ்வான இடத்தில், ஒரே மாதிரி எட்டு வீடுகள். புதுத்தெரு என்றார்கள். பழைய ஊரும் வயல்களும் தெற்கே. வீட்டுக்காரர் ராஜபாளையத்துக்காரர், வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். சுவருக்கு மார்பளவு வரை புதுச் சுண்ணாம்பு அடித்திருந்தார்; அதற்கு மேலே பழசு.

"மேலே அடிக்கலையா?" என்றேன்.

"கீழதான சார் அழுக்காகும்" என்றார்.

அவருடைய சிக்கனம் எனக்குப் பிடித்துப் போயிற்று. அவர் மனைவி அப்போது தெலுங்கில் ஏதோ சொன்னார். அவர் திரும்பி நாலு வார்த்தை அதட்டினார். அந்த அம்மாள் என் மனைவியின் வயிற்றைப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார். நான் கிரேக்கர்களுடைய யுத்தங்களை எல்லாம் படித்தவன். பக்கத்து வீட்டுப் பாஷை தெரியாது.

ஆவணியில் குடிவந்தோம். ஒரு மாதம் சுகமாகத்தான் இருந்தது. யுத்த காலம், பெட்ரோல் கிடையாது. பின்னால் உருளை கட்டி அதில் கரி போட்டு எரித்து ஓட்டுகிற கரி பஸ். ஏற்றம் வந்தால் பயணிகள் இறங்கித் தள்ள வேண்டும். கோர்ட்டுக்குள் நான் நுழைகிறபோது கட்சிக்காரர்கள் என்னைக் கொல்லன் என்று நினைத்து வழிவிடவில்லை. ஆனால் மாலையில் திரும்பினால் மனைவி வாசலில் காலை நீட்டி உட்கார்ந்து எதையாவது படித்துக்கொண்டிருப்பாள். முகம் தெளிந்திருந்தது. மிஷன் பள்ளிக்கூடத்தில் வாத்தியாராக இருந்தவள் என்பதால் ஊரில் அவளுக்கு டீச்சரம்மா என்று பேர். நான் கோர்ட்டய்யா.

புரட்டாசியில் ஒரு நாள் காலை, கரை மேல் பஸ்ஸுக்கு நடந்துகொண்டிருந்தேன். மடையருகே மடைக்காரர் உட்கார்ந்திருந்தார். கண்மாய்த் தண்ணீரைத் திறந்து வயலுக்குப் பங்கிடுகிறவர். ஐம்பது வயது, நரைத்த மீசை, அவசரமே இல்லாத மனிதர்.

"கோர்ட்டய்யா, டீச்சரம்மாவுக்கு எத்தனை மாசம்?"

"ஏழு."

விரலை மடக்கினார். "ஐப்பசி, கார்த்திகை. மழை மாசம்லா. அவிய பொறந்த வீட்டுக்கு அனுப்பலையா?"

"தாயார் இல்லை. அண்ணன் ரங்கூனில் இருந்தார்; தகவலே இல்லை."

"வேற எடம் பாருங்கய்யா."

"ஏன்? இங்கே என்ன குறை?"

அவர் மடையின் கற்படிகளைக் காட்டினார். பன்னிரண்டு படி. அன்றைக்குக் கீழே இரண்டு படிதான் நனைந்திருந்தது. "மேலேருந்து நாலாம் படியில தண்ணி தொட்டா ஊர் கூடும். ரெண்டாம் படிக்கு வந்தா, மிச்சத் தண்ணி வழியுற கலுங்கு பத்தாது, கரை தாங்காது. தெக்க ஒடஞ்சா ஊரும் வயலும் போச்சு. அதனால வடகரைய வெட்டி விட்ருவோம்."

"வடகரை என்றால்?"

அவர் எங்கள் எட்டு வீடுகளின் கூரையைப் பார்த்தார். மார்பளவுச் சுண்ணாம்பு எனக்கு அப்போது விளங்கிற்று.

பஸ்ஸில் போகும்போது இன்னொன்றும் விளங்கியது. அந்தக் கண்மாயின் பேரில் ஒரு பழைய வழக்கு உண்டு. தீர்ப்பை மூன்று பிரதி எடுத்தவன் நான்தான். 'மாமூல்படி வடகரையை வெட்டிவிடுவது' என்று என் கையாலேயே, அழகான கையெழுத்தில், மூன்று முறை எழுதியிருக்கிறேன். நகல் எடுப்பவன் படிப்பதில்லை. படித்தால் எழுத்துப் பிழை வரும்.

அன்றிலிருந்து டவுனில் வீடு தேடினேன். காலி இருந்த இடங்களில், பிள்ளை பெறுகிற பெண்ணோடு வருகிறேன் என்றதும் கதவு மரியாதையாகச் சாத்தப்பட்டது. பிறத்தியார் வீட்டுப் பிரசவத் தீட்டை யார் வாங்குவார்கள்? பழைய ஊருக்குள்ளும் அதே கதைதான். ஐப்பசி நடுவில் என் மனைவிக்கு லேசாக ரத்தம் பட்டது. ஊர் மருத்துவச்சி வந்து பார்த்தாள். நெட்டையான கிழவி, பேச்சில் கத்தி இருக்கும்.

"வண்டி ஏறக்கூடாது. கட்டில்ல வச்சும் தூக்கக்கூடாது. படுத்த எடத்துல கெடக்கணும், பொறக்குற வரைக்கும். கேட்டியாட்டி?" என்றாள் அவளிடம். என்னிடம், "ஒம்மத்தான்யா, நீரு வீடு மாத்துதேன் ஊரு மாத்துதேன்னு குதிக்காதீரு. தூக்கினா ரெண்டும் போகும்" என்றாள்.

அன்று மழை ஆரம்பித்தது.

தினமும் இரண்டு வேளை படிகளை எண்ணினேன். காலையில் ஏழு தெரியும், மாலையில் ஆறரை. மனைவி, "எத்தனை?" என்று கேட்பாள். நான் ஒன்று கூட்டிச் சொல்லுவேன். அவளும் ஒன்று கழித்துக்கொள்வாள் என்பது பிறகு தெரிந்தது. பஸ்ஸில் இருந்தவர்கள் நல்ல மழை, நல்ல மழை என்று சந்தோஷப்பட்டார்கள். நானும் தலையாட்டினேன்.

நாலாம் படியில் தண்ணீர் தொட்ட அன்று ஊர் கூடியது. போனேன். வேட்டி நனைய நின்று, கோர்ட்டில் வக்கீல்கள் பேசுவதைப் போலப் பேச ஆரம்பித்தேன். நாட்டாமை கையை உயர்த்தினார், கோபமாக அல்ல.

"கோர்ட்டய்யாவுக்கு இந்தக் கண்மாய்ல எம்புட்டு நெலம்?"

"நிலம் இல்லை."

"நெலம் இல்லாதவுக இங்க பேசுறதில்லய்யா. ஒக்காந்து கேக்கலாம்."

உட்கார்ந்து கேட்டேன். எட்டு வீட்டிலும் ஏன் சம்பளக்காரர்களையே வைத்திருக்கிறார்கள் என்பதைக் கேட்காமலே புரிந்துகொண்டேன். கலையும்போது நாட்டாமை என் பக்கத்தில் வந்தார்.

"டீச்சரம்மாவப் பத்திக் கவலப்படாதிய. பிள்ள பெறுற வீட்டு மேல தண்ணி விட மாட்டோம். ஒருக்க விட்டு, பட்டாச்சு. பொறக்குற வரைக்கும் வெட்டு இல்ல."

"பிறந்த பிறகு?"

"அதான் சொன்னேனே" என்றார்.

ஆறுதல் சொன்னவர் கையைப் பிடித்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். வழியில்தான் அவர் சொன்னது முழுவதும் மண்டையில் இறங்கியது.

கார்த்திகைக் கடைசியில் மூன்று நாள் விடாமல் ஊற்றியது. முதல் நாள் மாலை தண்டோரா போட்டார்கள். மற்ற ஏழு வீட்டுக் குடித்தனக்காரர்களும் பெட்டி, சட்டி, கோழிக்கூடு எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு மேட்டிலிருந்த பள்ளிக்கூடத்துக்குப் போனார்கள். போகும்போது எங்கள் வாசலைப் பார்க்காமல் போனார்கள். மறுநாள் விடிவதற்குள் வலி கண்டது. தெருவில் எங்கள் வீட்டில் மட்டும் புகை.

எட்டு மணி இருக்கும். வாசலில் ஆறு பேர் வந்து நின்றார்கள். தலையில் சாக்குக் கொங்காணி, தோளில் மண்வெட்டி. நடுவில் மடைக்காரர்.

"ஆச்சாய்யா?" என்றார்.

"இன்னும் இல்லை."

"அவசரமில்ல" என்றார். பிறகு கண்மாய்ப் பக்கம் திரும்பி நின்றார்கள்.

இத்தனை அக்கறையோடு என் வீட்டுப் பிரசவத்தை விசாரித்தவர்கள் வேறு யாரும் கிடையாது. கால் மணிக்கு ஒருவர் படியைப் பார்த்துவிட்டு வருவார். "ரெண்டாம் படி முங்கிட்டு." உள்ளே என் மனைவியின் குரல் உயரும், ஆறு பேரும் தலையைத் தூக்குவார்கள், குரல் தாழும், தலையும் தாழும். நான் கதவுக்கும் வாசலுக்கும் நடந்தேன். சீக்கிரம் பிறக்க வேண்டும் என்று ஜெபிக்கவா, வேண்டாம் என்று ஜெபிக்கவா என்று தெரியவில்லை. கர்த்தரிடம் விண்ணப்பத்தைத் தெளிவாக எழுதத் தெரியாமல் நின்றது என் வாழ்க்கையில் அன்று ஒரு நாள்தான்.

பத்து மணிக்கு ஒருத்தன் பொறுமை இழந்து, "இன்னும் எம்புட்டு நேரம் ஆத்தா?" என்று உள்ளே குரல் கொடுத்தான்.

மருத்துவச்சி கதவைத் திறந்து தலையை நீட்டினாள். "ஏலே, இது என்ன ஒங்க வீட்டு எருமையா, நேரம் சொல்லி ஈனுறதுக்கு? ஒன்னையப் பெறுறதுக்கு ஒங்காத்தா ரெண்டு நாளு கெடந்தா. கெடந்து பெத்தது இந்த லச்சணம்."

மற்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரிப்பு நின்றதும் கண்மாயின் சத்தம் கேட்டது. அதுவரை அது மழைச் சத்தம் என்று நினைத்திருந்தேன்.

உச்சி வேளைக்குக் கொஞ்சம் முன்னால் குழந்தை அழுதது. வெளியே நின்ற ஆறு மண்வெட்டிகளும் ஒரே சமயத்தில் தோளுக்கு ஏறின.

"நில்லுங்கலே" என்றாள் கிழவி உள்ளேயிருந்து. "நஞ்சுக்கொடி இன்னும் விழல."

மண்வெட்டிகள் இறங்கின. அந்தக் கொஞ்ச நேரம்தான் அன்றைக்கு மிகவும் நீளமானது. ஒருவன் மடைக்காரரின் முகத்தைப் பார்த்தான். அவர் தரையைப் பார்த்தார். பிறகு கதவு திறந்தது.

"பொட்டப்புள்ள. தூக்குங்க. குலுக்காமத் தூக்கணும், கரகம் போற மாதிரி."

நாலு பேர் கட்டிலைத் தூக்கினார்கள். மழை படாமல் இரண்டு பேர் மேலே சாக்கைப் பிடித்தார்கள். மண்வெட்டிகளைக் கட்டிலிலேயே, அவள் காலடியில் அடுக்கியிருந்தார்கள். குழந்தை என் மனைவியின் நெஞ்சில். பள்ளிக்கூட வராந்தாவில் இறக்கிவிட்டு, மண்வெட்டிகளை எடுத்துக்கொண்டு, மழைக்குள் திரும்பி நடந்தார்கள். சிறிது நேரத்தில் தண்ணீர் எங்கள் தெருவுக்குள் வந்தது. வேகமாகக்கூட இல்லை, வீடு பார்க்க வந்தவன் மாதிரி ஒவ்வொரு வாசலாக ஏறி உள்ளே போயிற்று.

சாயங்காலம் மடைக்காரர் குழந்தையைப் பார்க்க வந்தார். இடுப்பு வரை சேறு.

"இன்னும் ஒரு மணி நேரம் ஆகியிருந்தால் என்ன செய்திருப்பீர்கள்?" என்று கேட்டேன்.

"காலையிலயே முக்காவாசி வெட்டிட்டுத்தான்யா வந்தோம். ரெண்டு முழ மண்ணு மட்டும் விட்டு வச்சிருந்தோம். தண்ணி தானா தள்ளிருந்தாலும் தள்ளிருக்கும்."

என் மனைவி படுத்தபடி கேட்டாள். "தள்ளினா எங்களுக்கு எப்படித் தெரியும்?"

"அந்த ரெண்டு முழத்து மேல ஒரு ஆள ஒக்கார வச்சிருந்தேன்மா. அசஞ்சா கத்தணும்னு."

"கத்தினவன் எப்படித் தப்பிப்பான்?"

அவர் வேட்டி நுனியைப் பிழிந்தார்.

"யாரை உட்கார வைத்தீர்கள்?" என்றேன்.

"எந்தம்பியத்தான். வேற எவன் ஒக்காருவான்?"

என் மனைவி குழந்தையைத் துணியோடு தூக்கி அவர் பக்கம் நீட்டினாள். அவர் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டார்.

"கை சகதியா இருக்கும்மா" என்றார். ஆனால் போகாமல் அங்கேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.