சுவரில் சாய்ந்திருந்தவர்கள்

எதிர் ஃபிளாட்டைக் காலி செய்துகொண்டு போய்விட்டார்கள். டெல்லி துவாரகாவில் இது சகஜம்தான். விமான நிலையத்தில் வேலை பார்க்கிற குடும்பங்கள் வருவதும் தெரியாது, போவதும் தெரியாது. இப்போது பெயின்டர்கள் வந்து பழைய பூச்சைச் சுரண்டிக்கொண்டிருக்கிறார்கள். தூசி கதவிடுக்கு வழியாக வந்து என் மேஜைமேல் படிகிறது. புதுப் பெயின்டின் வாசனை என்னை ஒன்றும் செய்வதில்லை. சுரண்டும்போது எழுகிற வாசனை இருக்கிறதே, ஈரமும் சுண்ணாம்பும் யாருடைய சமையலோ கலந்த அந்தப் பழைய வாசனை, அதுதான் படுத்துகிறது. அது வந்தால் கூடவே எழிலும் வந்துவிடுகிறாள்.

நான் இப்போது பார்த்துக்கொண்டிருக்கிற வேலையும் அப்படிப்பட்டது. ஒரு சிறிய கலை அறக்கட்டளைக்கு வந்த ஃபெலோஷிப் விண்ணப்பங்களைப் படித்து மதிப்பெண் போட வேண்டும். பாதி வாழ்க்கையை விண்ணப்பம் போடுவதில் கழித்தவளை மீதியில் அடுத்தவர் விண்ணப்பத்தைப் படிக்க உட்கார்த்தி வைத்திருக்கிறார்கள். மருமகள் மாமியாரான கதைதான்.

திண்டுக்கல்லிலிருந்து டெல்லிக்கு ஆராய்ச்சி செய்ய வந்த புதிதில், ஆராய்ச்சி என்றால் படிப்பது என்றுதான் நினைத்திருந்தேன். வந்த பிறகுதான் தெரிந்தது, ஆராய்ச்சி என்றால் தேடுவது, அதுவும் யார் பணம் தருவார்கள் என்று தேடுவது. பல்கலைக்கழக கேன்டீனுக்குப் பக்கத்தில் ஒரு நோட்டீஸ் போர்டு இருந்தது. டீ குடிக்கப் போகிற சாக்கில் எல்லோரும் ஒருவருக்கொருவர் தெரியாமல் அதைப் படிப்போம். வெளிநாட்டுக் கலாசார மையங்களின் நூலகங்களுக்குப் போவோம். ஏசி இருக்கும், புரவலர்களின் விவரங்கள் அடங்கிய தடித்த புத்தகங்கள் இருக்கும். மே மாத வெயிலில் நான் எந்த அறிவைத் தேடி அங்கே போனேன் என்று நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

என் முதல் விண்ணப்பத்தில், நான் ஏழைக் குடும்பத்தைச் சேர்ந்தவள், கருணை காட்டவும் என்று எழுதினேன். தாசில்தார் ஆபீஸ் மனு. பிறகு அந்த பாஷை பிடிபட்டது. ஏற்கெனவே நடந்த ஆய்வுகளில் ஒரு 'இடைவெளி' இருக்கிறது, அதை என் ஆய்வு நிரப்பும் என்று எழுத வேண்டும். அதன் பிறகு நான் காணாத இடைவெளி இல்லை. எனக்கு ஒரு ஃபெலோஷிப் கிடைத்ததும் ஹாஸ்டலில் பெயர் பரவிவிட்டது. சமஸ்கிருதம் படிக்கிறவளுக்கும் மண்ணியல் படிக்கிறவனுக்கும் நான்தான் இடைவெளி கண்டுபிடித்துக் கொடுத்தேன்.

எழில் வந்தது அப்படித்தான். ஆர்.கே.புரம் மலை மந்திர் முருகன் கோயிலில் ஒரு கிருத்திகை அன்று, பிரசாத வரிசையில் எனக்கு முன்னால் நின்றவள் திரும்பிப் பார்த்து, நீங்கள்தானே அப்ளிகேஷன் எழுதித் தருகிறவர் என்று கேட்டாள். பிறந்ததிலிருந்து டெல்லி. லக்ஷ்மிபாய் நகர் தமிழ்ப் பள்ளியில் படித்திருந்தும் தமிழ் எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பாள். ஓவியக் கல்லூரி முடித்துவிட்டு ஒரு பள்ளியில் தற்காலிக டிராயிங் டீச்சராக இருந்தாள். புதுக்கோட்டைக்காரரான அப்பா ஏதோ அமைச்சகத்தில் பிரிவு அலுவலர். அப்பாவும் பெண்ணும் மட்டும் ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸில் இருந்தார்கள். அவள் பெயரில் இருக்கும் ழகரத்தை டெல்லியில் யாராலும் சொல்ல முடியாது. ஆங்கில எழுத்தைப் பார்த்து எல்லோரும் எஜில் என்பார்கள். அவளும் போனில் தன்னை எஜில் என்றே சொல்லிக்கொள்வாள்.

அவள் எடுத்துவந்த புகைப்படங்களைக் கேன்டீன் மேஜையில் பரப்பியபோது எனக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. எல்லாம் வெறும் சுவர்கள். அரசாங்க குவார்ட்டர்ஸில் ஒரு குடும்பம் மாற்றலாகியோ ஓய்வு பெற்றோ போனால், வெள்ளையடிக்க ஆள் வரும்வரை வீடு கொஞ்ச நாள் சும்மா கிடக்கும். சாவி, பராமரிப்பைக் கவனிக்கிற காலனியின் என்கொயரி ஆபீஸில் இருக்கும். அங்கே சொல்லிவிட்டு உள்ளே போய் எடுத்த படங்கள் அவை. காலண்டர் தொங்கிய இடத்தில் வெளிறிய சதுரம். பிள்ளையின் உயரத்தைக் குறித்த பென்சில் கோடுகள். அடுப்புக்கு மேலே கரி. அப்புறம், திரும்பத் திரும்ப, தரையிலிருந்து கொஞ்ச உயரத்தில் ஒரு மங்கலான எண்ணெய் வட்டம். யாரோ தினமும் உட்கார்ந்து தலையைச் சாய்த்த இடம்.

கொஞ்ச நேரம் பார்த்த பிறகு அந்தப் படங்களில் ஆள் இல்லை என்று என்னால் சொல்ல முடியவில்லை. இப்போதுதான் எழுந்து உள்ளே போனார்கள், திரும்பி வருவார்கள் என்பதுபோல இருந்தது. ஹாஸ்டலுக்குப் போன பிறகு என் அறைச் சுவரையும் ஒரு தரம் பார்த்துக்கொண்டேன்.

விண்ணப்பம் எழுத ஆரம்பித்தோம். எல்லா விண்ணப்பத்திலும் ஒரு கேள்வி இருக்கும்: இந்தப் பணியைச் செய்ய ஏன் நீங்கள்? எழில் அதற்குப் பதிலே சொல்ல மாட்டாள். கேட்டால், டெல்லிக்காரர்கள் நண்பர்களைக் கூப்பிடுகிற அந்த 'யார்' போட்டு, சும்மாதான் யார், பிடித்திருக்கிறது என்பாள். பிடித்திருக்கிறது என்று எழுதினால் டீக்குக்கூடக் காசு தர மாட்டார்கள் என்று நான் சொல்வேன்.

ஒரு மத்தியானம் என்னையும் கூட்டிக்கொண்டு போனாள். லக்ஷ்மிபாய் நகரிலிருந்து நடந்துபோகிற தூரத்தில் ஒரு பழைய காலனி. வேப்ப மரங்கள், கொடியில் துணிகள், யார் வீட்டிலோ குக்கர் விசில். கீழ்த்தளத்தில் ஒரு காலி வீட்டைத் திறந்தாள். வழக்கமாக உள்ளே போனதும் கேமராவைக் கையில் எடுத்துவிடுவாள். அன்று எடுக்கவில்லை. ஜன்னலோரச் சுவருக்கு நேராகப் போய்க் குந்தி உட்கார்ந்தாள். நகத்தால் சுண்ணாம்பைச் சுரண்டினாள். மேலே மஞ்சள், அதற்கடியில் நீலம், அதற்கும் அடியில் பச்சை.

"எங்க டைம்ல பச்சை," என்றாள்.

அந்த வீட்டில்தான் அவள் அம்மா இறந்துபோனார். எழிலுக்கு அப்போது ஒன்பது வயது. இரண்டு வீட்டாருக்கும் பிடிக்காத கல்யாணம், சொந்தம் என்று யாரும் வந்துபோனதில்லை. அஸ்தி கரைக்க யமுனைக்குப் போன அப்பா, வீட்டிலிருந்த போட்டோ ஆல்பத்தையும் கையோடு எடுத்துப்போய்த் தண்ணீரில் விட்டுவிட்டார். ஏன் என்று இவளும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. அடுத்த மாதமே குவார்ட்டர்ஸை மாற்றிக்கொண்டு ஆர்.கே.புரம் வந்துவிட்டார்கள். அதற்குப் பிறகு அம்மா என்ற சொல் வீட்டில் புழங்கவில்லை.

"அம்மா எப்பவும் இங்கதான் சாஞ்சு உக்காந்திருப்பாங்க," என்று எழில் சொன்னாள். "எனக்கு அவங்க மூஞ்சி ஞாபகமில்லடி. செவுரு ஞாபகமிருக்கு."

அந்தப் பச்சைக்கு மேல் இரண்டு குடும்பங்கள் வாழ்ந்துவிட்டுப் போயிருந்தன. அதற்கு மேல் சுரண்டினால் சுவர் உதிர்ந்துவிடும் என்று நிறுத்திக்கொண்டாள். கதவைப் பூட்டும்போது, உள்ளே ஒருவரை வைத்துப் பூட்டுவது போல மெதுவாகப் பூட்டினாள்.

இதைத்தான் எழுத வேண்டும், இதை எழுதினால் யாரும் மறுக்க முடியாது என்று அன்று பஸ்ஸிலேயே சொன்னேன். நியாயமாகத்தான் சொன்னேன். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"அம்மாவ வெச்சு மார்க் வாங்க மாட்டேன்."

ஆகவே 'நகர்ப்புற நினைவும் அரசுக் குடியிருப்பும்' என்று ஏதோ எழுதி, அதில் ஓர் இடைவெளியையும் வைத்து அனுப்பிக்கொண்டிருந்தோம். மறுப்புகள் வந்துகொண்டிருந்தன. இவ்வருடம் வந்த விண்ணப்பங்கள் மிக உயர்ந்த தரத்தில் இருந்ததால், என்று ஆரம்பிப்பார்கள். ஒவ்வொரு வருடமும் தரம் எப்படி உயர்ந்துகொண்டே போகிறது, இந்த வருடம் எவரெஸ்டையே தாண்டியிருக்கும் என்று எழில் சிரிப்பாள். நானும் சிரிப்பேன். ஆனால் அவள் கொஞ்சம் கொஞ்சமாக இளைத்துக்கொண்டு வந்தாள்.

கடைசியில் ஓர் இடத்திலிருந்து நேர்காணலுக்கு அழைப்பு வந்தது. மத்திய டெல்லியில் பெரிய புல்வெளியுடன் ஒரு பங்களா. நான் வெளியே மரத்தடியில் உட்கார்ந்திருந்தேன். மிஸ் எஜில் என்று கூப்பிட்டார்கள், போனாள். நெடுநேரம் கழித்து வந்தாள். முகத்தில் ஒன்றுமில்லை. ஆட்டோவில் ஏறிய பிறகுதான் வாயைத் திறந்தாள். நடுவர்களில் வயதான ஓர் அம்மாள், இத்தனை வீட்டில் உன் வீடு எது பெண்ணே என்று இந்தியில் கேட்டாராம். யாரும் அவளிடம் அப்படிக் கேட்டதே இல்லை. எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள்.

"அவங்க எல்லாரும் அழுதாங்க. நான் அழல," என்றாள்.

ஃபெலோஷிப் கிடைத்தது. நான் குதித்தேன். அவள் குதிக்கவில்லை. அன்று சொன்னதிலிருந்து அந்தச் சுவர் தன்னுடையதாக இல்லை, அங்கே நிறையப் பேர் வந்து உட்கார்ந்துவிட்ட மாதிரி இருக்கிறது என்றாள். எனக்கு அது புரிய வெகுநாளாயிற்று.

அந்த வருடமே அந்தக் காலனியை இடிக்க உத்தரவாயிற்று. பழைய குவார்ட்டர்ஸ்களை எடுத்துவிட்டு அடுக்குமாடி கட்டப்போகிறார்கள். காலி வீடு ஒன்று கிடைக்காதா என்று அலைந்தவளுக்கு ஒரு காலனியே காலியாகக் கிடைத்தது. தினமும் போனாள். நானும் ஒரு முறை அவளோடு போனேன். கதவும் ஜன்னலும் பெயர்த்தெடுக்கப்பட்ட வரிசைகள் வாயைத் திறந்துகொண்டு நின்றன. பகல் வெளிச்சத்திலேயே என்னால் அங்கே நிற்க முடியவில்லை. ஏதோ ஒரு வீட்டில் மின்விசிறியின் கொக்கியில் குழந்தையின் தூளிக் கயிறு இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. காற்றில்லாத நேரத்திலும் அது ஆடியது என்று சொன்னதற்கு எழில், பொய் சொல்லாதே என்றாள். ஆனால் அவளும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவள் வீட்டின் முன்பக்கம் போய்விட்டிருந்தது. ஜன்னலோரச் சுவர் பாதியில் அறுந்து நின்றது. அறுந்த விளிம்பில் மஞ்சள், நீலம், பச்சை எல்லாம் நூல் நூலாகத் தெரிந்தன. எழில் கேமராவைத் தூக்கினாள், இறக்கினாள். படம் எடுக்கவே இல்லை. வா யார், போகலாம் என்று முன்னால் நடந்தாள்.

வருடக் கடைசியில் கண்காட்சி வைத்தாள். அடுத்தவர் வீட்டுச் சுவர்கள் மட்டும். அவள் அப்பா வருவார் என்று நாங்கள் எதிர்பார்க்கவில்லை. முழுக்கைச் சட்டையும் ஸ்வெட்டருமாக வந்தார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தவர் ஒரு படத்தின் முன்னால் நின்றுவிட்டார். ஜன்னலோரம், பச்சைச் சுவர், அதில் எண்ணெய் வட்டம். பக்கத்தில் நானும் எழிலும் நின்றிருந்தோம்.

"அவளுக்கு எந்நேரமும் தலவலி. அதான் செவுத்துல சாஞ்சே கெடப்பா," என்றார். பிறகு, "ஆஸ்பத்திரிக்கிப் போவோம்னு நான் ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்."

அவர் கை நீட்டி, கண்ணாடிமேல், அந்த வட்டத்தின்மேல் உள்ளங்கையை வைத்தார்.

"நம்ம வீடுதானம்மா இது?"

"ஆமாப்பா," என்றாள். "நம்ம வீடுதான்."

அவர் போன பிறகு, வாசலில் நின்றுகொண்டு எழில் என்னிடம் சொன்னாள்: "பிகார்க்காரங்க வீடுடி அது. அது கடுகெண்ணெய். அம்மா தேங்காயெண்ணெய்தான் வெப்பாங்க." சொல்லிவிட்டு அழுதாள். அவள் அழுது நான் பார்த்தது அப்போதுதான்.

ஓய்வு பெற்றதும் அப்பா அந்தப் படத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டு புதுக்கோட்டைக்குப் போய்விட்டார். எழில் அங்கே போனபோது கூடத்தில் அது மாட்டியிருந்தது. சட்டத்தின்மேல் மல்லிகைச் சரம், கீழே சின்ன அகல் விளக்கு. யாரோ ஒரு முகம் தெரியாத பிகார்க்காரியின் தலை பட்ட சுவருக்கு இவர் தினமும் பூ வைத்துக்கொண்டிருந்தார். இருந்த நான்கு நாளும் தானும் விளக்கேற்றியதாக எழில் சொன்னாள். முதல் நாள் பொய்யாக இருந்தது, அப்புறம் அப்படி இல்லை என்றாள். அதன் பிறகு அவள் எந்த ஃபெலோஷிப்புக்கும் விண்ணப்பிக்கவில்லை. இப்போது நொய்டாவில் ஒரு பள்ளியில் டிராயிங் டீச்சர், நிரந்தர வேலை.

போன வருடம் அப்பா தூக்கத்திலேயே போய்விட்டார். காரியம் முடிந்து எழில் டெல்லி வந்துவிட்டாள். பிறகு, அப்பா ஊர் திரும்பிய பின் ஒட்டிக்கொண்ட சித்தப்பா வீட்டார் அந்த வீட்டை ஒழித்தார்கள். படத்தை எடுத்து வை என்று போனில் சொன்னதற்கு, எந்தப் படம் என்று கேட்டார்களாம். விவரம் சொன்னதும் சித்தப்பா மகளுக்கு நினைவு வந்தது.

"அதுவாக்கா? உள்ள ஆளே இல்லியே. சட்டம் நல்லாருந்துச்சுன்னு கழட்டி முருகன் படத்தப் போட்டுட்டோம்."

அதன் பிரதி எழிலிடமும் இல்லை. படங்கள் இருந்த ஹார்ட் டிஸ்க் எப்போதோ செயலிழந்துவிட்டது. பரவாயில்லை விடு என்று என்னிடம் சொன்னாள். நான் விட்டுவிட்டேன்.

காலனி இருந்த இடத்தைத் தாண்டிப் பஸ்ஸில் போகும்போது பார்க்கிறேன். கோபுரம் கோபுரமாகக் கட்டிடங்கள். கார் நிறுத்த ஆழமாகத் தோண்டியிருக்கிறார்கள், அந்த வீட்டின் தரை இருந்த மண்கூட அங்கே இல்லை. வேப்ப மரங்கள் இல்லை. அடுத்த வரிசையில் இருந்தவர்கள் எந்தெந்த ஊருக்கோ மாற்றலாகிப் போய்விட்டார்கள். எழிலுக்குத் தெரிந்தவரையில், அவள் அம்மாவின் முகம் எப்படி இருந்தது என்று சொல்லக்கூடிய கடைசி ஆள் அவள் அப்பாதான். அவரிடம் அதை அவள் கடைசிவரை கேட்கவில்லை.