ஒரு ஆளுக்குச் சோறு

எழுபதுகளில், தென்காசியில் பெண்பிள்ளைகள் இல்லம் ஒன்றில் தையல் சொல்லிக்கொடுத்தேன். அங்கே வார்டனம்மா இடுப்பில் சாவிக்கொத்தும் சிரிக்காத முகமுமாக இருப்பார். பதினெட்டு முடிந்து வெளியே போகிற பெண்ணுக்குக் கடைசி மாதம் சின்னப் பானையும் தனி அடுப்பும் கொடுத்து, “ஏட்டி, ஒரு ஆளுக்குப் பொங்கு” என்பார்.

ஏன் என்று கேட்டேன்.

“அறுபது பேருக்குப் பொங்கிப் பழகுன கை டீச்சர். வெளிய போயி பானை நெறையப் பொங்கிட்டு, திங்க ஆளில்லாம அழுதுட்டு இருக்குதுவ.”

பிறகு, இல்லத்திலிருந்து போய் சுரண்டையில் தனியாக அறை எடுத்திருந்த ஒருத்தியை ஒரு ஞாயிற்றுக்கிழமை பார்க்கப் போனேன். பானையில் இரண்டு பேருக்குச் சோறு இருந்தது.

“அளவு மறந்துட்டியா?”

“இல்ல டீச்சர். இங்க வந்த மொத ஞாயித்துக்கெழம வார்டனம்மா சாப்பாட்டு நேரத்துக்கு வந்தாக. பானையத் தொறந்து பாத்தாக. அளவு சரியா இருக்குன்னு சொல்லிட்டு, சாப்பிடாமப் போயிட்டாக.”

அளவு பார்க்க வந்தாரா, சாப்பிட வந்தாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.