அத்தையைப் பற்றி விசாரித்தவர்

கரமனையில் எங்கள் தெருவுக்கு அந்நியர் ஒருவர் வந்து கல்யாணமாகாத பெண்ணைப் பற்றி விசாரித்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான். வரன் பார்க்கிறார்கள். உடனே தெருவே பழைய சண்டைகளை மறந்து பெண்ணின் பக்கம் சேர்ந்துகொள்ளும்.

அப்பாவின் தங்கைக்கு அப்போது முப்பது தாண்டியிருந்தது. தோசை மாவு அரைத்து வீடு வீடாகக் கொடுத்து வந்தாள். கிழக்கேகோட்டையில் இரண்டு மெஸ்களும் அவளை நம்பித்தான் இருந்தன. பெரிய கிரைண்டர் வாங்க வங்கியில் கடன் கேட்டிருந்தாள். சொத்தும் இல்லை, சம்பளமும் இல்லை என்பதால் ஆள் அனுப்பி விசாரிப்பதாகச் சொல்லியிருந்தார்கள். இது அப்பாவுக்கும் எனக்கும் மட்டுமே தெரியும். எனக்கு ஒன்பது வயது. ரகசியம் காப்பதில் நான் புலி என்று நானே நம்பிய காலம்.

ஒரு சனிக்கிழமை காலை ஸ்கூட்டரில் ஒருவர் வந்தார். கடன் விஷயம் தெருவுக்குத் தெரிய வேண்டாம் என்ற நல்லெண்ணத்தில் வங்கி என்றே சொல்லாமல், ஆள் எப்படி என்று மட்டும் கேட்டிருக்கிறார். எதிர்வீட்டு மாமி தொடங்கி வைத்தாள்.

"வாசப்படி தாண்ட மாட்டா, கேட்டேளா. காசைக் கையால தொட்டதில்லை."

மாவு விற்கிறாள் என்று தெரிந்தால் வரன் தட்டிப்போகுமே என்ற கவலை. மற்ற வீடுகளிலும் அதே பாட்டு. அத்தனை பேரும் அன்று காலை தின்றது அத்தையின் மாவில் வார்த்த தோசை. அத்தை கோயிலுக்குப் போயிருப்பதாகச் சொல்லும்படி மாமி எனக்கும் பாடம் எடுத்துவிட்டுப் போனாள்.

அத்தை மெஸ்களுக்கு மாவு கொடுக்கப் போயிருந்ததால் வீட்டில் நான் மட்டும் இருந்தேன். பாடத்தைப் பிழையில்லாமல் ஒப்பித்தேன். அவர் பையை மூடிக்கொண்டு, ஒரு வருமானமும் இல்லாத ஆளுக்கு எப்படி லோன் கொடுப்பது என்று முணுமுணுத்தார்.

லோன் என்ற சொல் காதில் விழுந்ததும்தான் அவர் வங்கி ஆள் என்று எனக்குப் புரிந்தது. அவரைக் கூடத்துக்குள் இழுத்துப்போய், மறுநாள் மாவுக்காக வரிசையாக வைத்திருந்த பாத்திரங்களைக் காட்டினேன். ஒவ்வொன்றிலும் அந்தந்த வீட்டார் பெயர் வெட்டியிருந்தது. ஒவ்வொன்றாகப் படித்தேன். முதல் பெயரே எதிர்வீட்டு மாமியுடையது. அவர் வாய்விட்டுச் சிரித்தார். பேனாவை எடுத்துக்கொண்டு மலையாளம் கலந்த தமிழில் கேட்டார்.

"ஒரு நாளும் முடக்கம் இல்லையா மோளே?"

"ஜுரம் வந்தப்போ ஒரே ஒரு நாள். அன்னிக்குக் காலம்பறயே எல்லாருக்கும் பாத்திரத்தையும் காசையும் திருப்பிக் கொடுத்துட்டா."

அதையும் எழுதினார். அவர் எழுத எழுத எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. கேட்காததையும் சொல்லத் தொடங்கினேன். அத்தைக்கு நிச்சயம் பண்ணிய கல்யாணம் நின்றுபோனது, மாப்பிள்ளை வீட்டார் ஏதேதோ பேசியது, அத்தை பத்து நாள் சாப்பிடாமல் கிடந்தது எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். புலி அத்தோடு செத்தது.

பேனா நின்றுவிட்டது. அவர் காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் என் பென்சிலை நீட்டினேன்.

"வேண்டாம் மோளே," என்று சொல்லிக் காகிதத்தை மடித்துப் பைக்குள் வைத்தார்.

மாப்பிள்ளை வீட்டுக் கடிதத்துக்காகத் தெரு காத்திருக்க, அடுத்த மாதம் வேனிலிருந்து கிரைண்டர் இறங்கியது. அத்தை அதற்குக் குங்குமம் வைத்துவிட்டு, சிரித்தபடியே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மாமிக்குத்தான் கொஞ்சம் வருத்தம். இருந்தாலும் முதல் மாவு வாங்கியது அவள்தான்.

எனக்கோ பெருமை பிடிபடவில்லை. ஒரேயொரு குறைதான். பேனாவில் மை தீர்ந்துபோனதால் அவர் பாதியை எழுதாமல் போய்விட்டார் என்றே வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.