இடப்பக்கம் திரும்பாத ஊர்

டக். எங்கேயாவது ஒரு கார்க் கதவு இப்படி அரைகுறையாக நாக்கைத் தட்டினால், என் தோள் தானாக உள்ளே ஒடுங்கும். பிறகுதான் நினைவு வரும்: அந்தக் கார் போய், அதை ஓட்டிய அப்பாவும் போய், காலம் எவ்வளவோ ஆகிவிட்டது. தோளுக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை.

எழுபதுகளின் கடைசி. வேர்க்கடலை மண்டி வைத்திருந்த அப்பா, பதிவு செய்துவிட்டு வருடக்கணக்கில் காத்திருந்து வாங்கிய கார். வந்த அன்றே தேரடியில் சூடம் காட்டி, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் நசுக்கி, திருஷ்டியெல்லாம் கழித்தோம். ஓட்டுகிறவர் பக்கக் கதவின் கொக்கியில் இருந்த கோளாறை மட்டும் கழிக்க முடியவில்லை. வேகமாக இடது பக்கம் வளைத்தால் டக் என்று திறந்துகொள்ளும். காற்றும் புளியமரங்களும் உள்ளே எட்டிப் பார்க்கும். அப்பா வலது கையால் கதவைப் பிடித்துக்கொண்டு, ஸ்டீயரிங், கியர், ஹாரன், அம்மாவின் அலறல் எல்லாவற்றையும் இடது கையால் சமாளிப்பார்.

கம்பெனிக்கு எழுதினார். தங்கள் ஊர்ச் சாலைகளின் நிலைக்கு வருந்துகிறோம் என்று பதில் வந்தது. அதே கார் வைத்திருந்த டாக்டரிடம் போய் முறையிட்டார்.

"உங்களுக்குக் கதவுதான? எனக்கு பானெட்டே எழுந்து நின்னு கும்பிடுது. போன வாரம் ரோடே தெரியல" என்றார் டாக்டர், பெருமையாக. குறை ஜாஸ்தி உள்ளவரே பெரிய மனிதராகத் தெரிந்த காலம்.

அக்கா பிரசவத்துக்கு வந்திருந்தாள். கைக்குழந்தையோடு அவளைக் கீழ்பென்னாத்தூரில் மாமியார் வீட்டில் கொண்டுபோய் விட வேண்டும். அந்தச் சாலையில், ஏரிக்கரையில், முரட்டுத்தனமான ஓர் இடது வளைவு. "அதுக்குள்ள கதவைச் சரி பண்ணிடுங்கப்பா" என்பதைத் தவிர அவள் வேறெதுவும் கேட்கவில்லை. அப்பா விடாமல் எழுத, ஒருநாள் மதராஸிலிருந்து கம்பெனி ஆளே வந்துவிட்டார். டை கட்டியிருந்தார். அதைப் பார்த்தே கோளாறு பயந்து ஓடிவிடும் போலிருந்தது.

"கதவு தொறக்கறத நான் கண்ணால பாக்கணும் சார். பாத்துட்டா புதுசு மாத்திக் குடுத்துடுவோம். ஒரு ரவுண்டு போலாமா?"

எங்கள் ஊரில் ஒரு ரவுண்டு என்றால் அது மலையைச் சுற்றி வருவது ஒன்றுதான். அப்பா யோசிக்கவேயில்லை, செங்கம் ரோட்டுக்கு வழி சொன்னார். கம்பெனிக்காரரே ஓட்டினார், விரட்டி ஓட்டினார். ஆசிரமம் தாண்டியும் மலை வலப்பக்கமாகவே வந்தது. சாலையும் அதன் இடுப்பைச் சுற்றி வலப்பக்கமாகவே வளைந்தது. கதவு கல்சுவர் மாதிரி இருந்தது. அடி அண்ணாமலை வந்தபோதுதான் பின்சீட்டில் இருந்த எனக்கு விளங்கியது.

"அப்பா, இது இடது பக்கம் வளைஞ்சாதான தொறக்கும்? வண்டியைத் திருப்பி எதிர்ப்பக்கமா போலாம்பா."

அப்பா திரும்பிப் பார்த்த பார்வை இருக்கிறதே! "மலையை இடமா சுத்தச் சொல்றியா? அறிவிருக்கா?"

கண்ணால் பார்த்தால்தான் நம்புவேன் என்ற மனிதர், ஸ்டீயரிங்கிலிருந்து ஒரு கையை எடுத்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "வேணாம் தம்பி. நமக்கெதுக்கு அந்தப் பாவம்?"

கீழ்பென்னாத்தூர் ரோட்டுக்கு வாங்க, காட்டுறேன் என்று அப்பா கெஞ்சிப் பார்த்தார். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதாம். "கதவு ஃபர்ஸ்ட் கிளாஸ் சார். எனக்கும் கிரிவலம் ஆச்சு" என்று சொல்லி, அம்மா கொடுத்த விபூதிப் பொட்டலத்தோடு போய்விட்டார். மலை எதுவும் தெரியாதது போல நின்றுகொண்டிருந்தது.

அக்கா புறப்பட்ட காலை. தொட்டில், வெள்ளிக் கிண்ணம், முறுக்குக் கூடை எல்லாம் காரில் ஏறின. அக்கா ஏறவில்லை.

"நான் பஸ்ஸுல போறேன்பா."

"கார் வெச்சிருக்கிற வீட்டுப் பொண்ணு பஸ்ஸுல போய் எறங்கினா உன் மாமியார் என்னம்மா சொல்வாங்க?"

"புள்ளையோட முழுசா வந்து சேந்தாளேன்னு சொல்வாங்க."

அப்பா அவளைத் தடுக்கவில்லை. தொட்டிலை இறக்கவும் இல்லை. பஸ் நிலையத்தில் அம்மாவும் அக்காவோடு ஏறிக்கொண்டாள். பஸ்ஸுக்குப் பின்னால் எங்கள் கார், சாமி இறங்கிப் போன சப்பரம் மாதிரி உறுமிக்கொண்டு நின்றது. அப்பாவின் வலது கை இப்போதே கதவைப் பற்றியிருந்தது. கண்டக்டர் விசில் ஊதினார். அக்கா குழந்தையின் தலையைப் பொத்திக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே கழுத்தை நீட்டினாள்.

"அப்பா, ஏரிக்கரை வளைவுல கதவைப் புடிக்காதீங்க. அது போனா போவுது. ஸ்டீயரிங்கைப் புடிங்க!"